‘நிதானம்’ நடத்திவைத்த பெண் பார்க்கும் படலம்

ஊர் உலகத்தில் எல்லோரையும் நிதானமாகப் பேசவைக்க முடியும் என்று நான் ஒரு காலத்தில் மனதார நம்பியவன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. இணையத்தில் ஜனங்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறார்களே, அவர்களை யோசித்துப் பேசவைக்க ஓர் ஆப் செய்வோம் என்று முதலாளி கிளம்பினார். விதிகளை வகுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆப்பின் பெயர் ‘நிதானம்’. யாருக்காவது பதில் எழுதுவதற்கு முன், அவர் சொன்னதை உங்கள் சொந்த வார்த்தைகளில் ஒருமுறை எழுத வேண்டும். எழுதிய பதில் மூன்று மணி நேரம் ஆறிய பிறகுதான் போய்ச் சேரும். நடுவில் மனசு மாறினாலும் அழிக்க முடியாது. (சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டுமாம். நான் எவ்வளவு பெரிய மனுஷன் பாருங்கள்!)

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். ஆந்திர எல்லையோரம் பிச்சாட்டூரில் என் வீடு இருக்கவே இருந்தது. எனக்கு வந்த இரண்டு வரன்களை என் தாய்மாமா போனிலேயே பேசி விரட்டியிருந்தார். அதனால் வடமாலபேட்டையிலிருந்து தரகர் மூன்றாவது வரன் கொண்டுவந்ததும், இரண்டு வீட்டுப் போன்களிலும் ‘நிதானத்தை’ ஏற்றிவிட்டு, “இனிமே எல்லாப் பேச்சும் இதுலதான்” என்று அறிவித்தேன்.

ஞாயிறு காலை மாமாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெண் பார்த்தோம். சுகுணா திருப்பதியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து, “பெங்களூர்ல என்ன வேல செய்றீங்க?” என்று கேட்டாள். பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ ஜனங்கள பேசவுடாம செய்றீங்க” என்றாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இந்தப் பெண் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று பிச்சாட்டூர் வரும்வரை காரில் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பிடித்திருந்தால் வீடு திரும்பிய கையோடு சொல்லிவிட வேண்டும். ‘யோசிச்சு சொல்றோம்’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். விதி எழுதிய அன்று அந்தப் புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்றுதான் இன்றுவரை புரியவில்லை.

நாங்கள் வருவதற்குள் பெண்ணின் அப்பா ஆப்பில் எழுதியிருந்தார்: ‘எங்களுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. உங்கள் முடிவு?’ நைனா (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சந்தோஷமாக ‘புடிச்சிருக்கு’ என்று தட்டினார். ஆப் ஒப்புக்கொள்ளவில்லை.

“இன்னாடா கேக்குது இது?”

“அவரு சொன்னத மொதல்ல நீங்க ஒருவாட்டி எழுதணும் நைனா.”

“அவரு சொன்னத அவருக்கே எதுக்குடா சொல்லணும்? மறந்துட்டாரா?”

அதற்கு என்னிடம் நாற்பது பக்க விளக்கம் இருந்தது, பெங்களூரில். ஒருவழியாக நைனா, ‘பையனை உங்களுக்குப் புடிச்சிருக்கு, எங்களுக்கும் பொண்ணைப் புடிச்சிருக்கு’ என்று எழுதி முடித்தபோது மணி பன்னிரண்டு. பதில் ஆறத் தொடங்கியது. அதே நொடி அந்தப் பக்கம் ஆப் தானாக ஓர் அறிவிப்பை அனுப்பியது: ‘எதிர்த்தரப்பினர் உங்கள் கருத்தை யோசித்துவருகிறார்கள்.’ அந்த வாசகமும் அடியேன் எழுதியதுதான்.

ஒரு மணிக்குத் தரகர் நைனாவுக்குப் போன் செய்து கத்தினார். “வேணாம்னா வாயத் தொறந்து சொல்லக்கூடாதா? கோர்ட்டு மாதிரி நோட்டீஸ் உட்டுக்கினு! அவங்க வரதய்யபாளையத்துப் பையன வரச் சொல்லிட்டாங்க.” நைனா பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டார், அவர் எடுக்கவில்லை. மாமா என் போனைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்துப் பக்கம் போய் ஏதோ தட்டினார். நான் கவனிக்கும் நிலையில் இல்லை. போனை வாங்கிப் பையில் போட்டு, நைனாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வடமாலபேட்டைக்குப் பறந்தேன்.

அங்கே அடுத்த மாப்பிள்ளைக்காகப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா வாசலிலேயே மறித்து, தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். “இதி ஏமி நியாயம் தம்பி? காலையில கேசரி துன்னுட்டுப் போயி மத்தியானம் எதிர்த்தரப்புன்றீங்க?”

ஆப் செய்த ஆறு மாதப் பழக்கம் என்னை விடவில்லை. “அதாவது, நீங்க சொல்ல வர்றது என்னன்னா...” என்று தொடங்கினேன்.

உள்ளேயிருந்து சுகுணாவின் குரல் வந்தது. “அவரு சொன்னது அவருக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க.”

“புடிச்சிருக்கு!” என்று கத்தினேன். தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

பிறகு எல்லாம் மங்களம். வரதய்யபாளையத்துக்குப் போன் போயிற்று. விரித்த பாயில் நாங்கள் உட்கார்ந்தோம். சரியாக மூன்று மணிக்குப் பெண்ணின் அப்பா போனில் நைனாவின் பதில் வந்து விழ, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மண்டைக்கு மாமா ஞாபகம் வரவே இல்லை.

நாலேகாலுக்கு மறுபடியும் மணி அடித்தது. சுகுணாவின் அப்பா இதுவும் வாழ்த்துதான் என்று நினைத்துச் சத்தமாகவே படித்தார். ‘பையனப் புடிச்சிருக்குன்றீங்க. ஆனா கேசரியில சக்கரையே இல்ல. இந்தக் கஞ்சப்பிசினாரி ஊட்ல பொண்ணு எடுக்கறதுக்கு எங்க பையன் சாமியாராப் போகலாம்.’ மேலே என் பெயர்.

நைனா கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து நின்றேன், எதற்கென்று தெரியாமல். மாமா, போன், ஒரு மணி, மூன்று மணி நேரம் என்று நான் உளறியது எனக்கே புரியவில்லை. ஆப் தன் கடமையைச் செய்து, ‘இக்கருத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்’ என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது.

சுகுணா அப்பாவிடமிருந்து போனை வாங்கினாள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்: “எங்க கேசரியில இனிப்பு கம்மி, அப்படின்றாங்க.” பிறகு அப்பாவைப் பார்த்தாள். “அது நெஜந்தானே நைனா?”

“எனக்கு சுகரு. கம்மியா போடச் சொன்னேன்” என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

கல்யாணம் நடந்தது. ஆப் நடக்கவில்லை. மாமனார் ஊரில் எனக்கு ‘நோட்டீஸ் மாப்பிள்ளை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து மச்சினிக்கு வரன் வந்தது. மாமனார் சம்பளம் விசாரிக்கவில்லை, ஊர் விசாரிக்கவில்லை. என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி அந்தப் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, நீயும் இந்த ஆப் கீப் எதுனா செய்வியா?”

“இல்லீங்களே!” என்றான் அவன் பதறிப்போய்.

மாமனார் மாமியார் பக்கம் திரும்பினார்.

“ஒடனே சொல்லிட்டான் பாத்தியா? இவனே போதும்.”