முனியாண்டி கோயில் முன்னால் அமுக்கிய பொத்தான்

எனக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை. என் தங்கை மாலாவின் கல்யாணத்தன்று அதை ஊரே பார்த்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கையில் ஒரு பழைய காடி. கூலிம் டவுனில் பட்டறை வைத்திருந்த ரவி அதில் நைட்ரஸ் பூட்டிக் கொடுத்தான். பின்னால் ஒரு நீல கேஸ் பாட்டல், ஸ்டியரிங்கில் ஹாரனுக்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் வாயு எஞ்சினுக்குள் பாயும், காடி பறக்கும்.

"நல்லா வேகம் புடிச்ச பெறகு அமுக்குடா. மெதுவா போறப்ப அமுக்குனா வெடிச்சிரும்," என்றான். சரி சரி என்று தலையாட்டினேன் (காதில் ஏறினால்தானே).

பெண்ணை நான்தான் கோயிலுக்கு அழைத்துப் போவேன் என்று அடம்பிடித்தேன். சிடாம் கிரியிலிருந்து பீடோங் போக வேண்டும். பத்து மணியோடு முகூர்த்தம் முடிகிறது. அலங்காரமெல்லாம் முடிந்து கிளம்பும்போதே ஒன்பது பத்து. சீர்த்தட்டைப் பின்னால் வைக்கப்போன அம்மா, பாட்டலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வந்தாள். "என்ன கேஸோ, நல்லபடியா இருக்கட்டும்." நானும் பொத்தான் வேலை செய்வதற்கான நைட்ரஸ் சுவிட்சைப் போட்டு வைத்தேன், எதற்கும் இருக்கட்டுமே என்று.

எங்கள் எஸ்டேட் முனையில் முனியாண்டி கோயில் உண்டு. ஹாரன் அடிக்காமல் எங்கள் ஆட்கள் யாரும் அதைத் தாண்டிப் போகமாட்டார்கள். நானும் வேகத்தைக் குறைத்து, பயபக்தியோடு சாமியைப் பார்த்துக்கொண்டே அமுக்கினேன்.

டமார் என்றது. பானெட் எகிறி முன் கண்ணாடியில் மோதியது. அதில் கட்டியிருந்த மல்லிகைச் சரம் வைப்பரில் தொங்கியது. எவனோ குண்டு போட்டுவிட்டான் என்றே நினைத்தேன். பின் சீட்டிலிருந்து அம்மா கத்தினாள்.

"சாமிக்கே வெடி வச்சிட்டியேடா, பாவி."

ரவிக்கு ஃபோன் போட்டேன். ஹாரன் என்று நினைத்து அதை அமுக்கிவிட்டேன் என்றேன்.

"மெதுவாவா போன?"

"ஆமாடா. சாமி கோயிலாச்சே."

"அப்ப காடி ஹாபிஸ்லா, முடிஞ்சிபோச்சு," என்று வைத்துவிட்டான்.

மாலாவின் கண் மை கன்னத்தில் வழிந்தது. "அண்ணே, இன்னிக்கு தாலி ஏறலன்னா ஒன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்." அவள் சொன்னதைச் செய்பவள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் கூலிமில் இரவு ஷிப்ட் முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஃபேக்டரி பஸ் வந்தது. அம்மா நடுரோட்டில் நின்று மறித்தாள். பட்டுப் புடவையும் மாலையுமாக மாலா ஏற, தூங்கி வழிந்துகொண்டிருந்த அக்காமார்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் செய்ததை அம்மா பஸ் முழுக்கச் சொல்லி முடித்தாள். டிரைவர் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ பஸ் பெல்ல கூட தொட்டுறாத."

ஒன்பது ஐம்பத்தேழுக்குத் தாலி ஏறியது. அக்காமார்கள் அத்தனை பேரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இப்போது என்னிடம் வேறு காடி. பாட்டலும் இல்லை, பொத்தானும் இல்லை. ஆனாலும் முனியாண்டி கோயில் நெருங்கினால் போதும், பக்கத்து சீட்டிலிருந்து மாலா கையை நீட்டிவிடுவாள்.

"நீ ரோட்ட பாருண்ணே. ஹாரன் நான் அடிக்கிறேன்."

பின் சீட்டில் அவள் பிள்ளைகள் இரண்டும் காதைப் பொத்திக்கொள்ளும்.