ஸ்டேக் சார் வாயிலிருந்து இறங்கிய கிளி

கடைசியாக வந்தவனுக்கு முதல் மரியாதை செய்த ஒரே மனிதர் எங்கள் ஆரணியில்தான் இருந்தார். அவர் ஸ்டேக் சார். சொந்தப் பெயரை வாசல் பலகையில் பெரிதாகத்தான் எழுதி வைத்திருந்தார். அதை யாராவது படித்ததாக எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளின் கடைசி. ஊரில் முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. சார் கடைத்தெரு மாடியில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தினார். நான் அப்போது ஒரு பட்டு முதலாளியிடம் சேலைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் நிரப்ப வேண்டும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள், அட்டை தறியில் ஏறும். நிரப்பி நிரப்பிக் கண் பூத்துப்போய், இந்தப் பெட்டியாவது கைகொடுக்குமா என்று மாடி ஏறினேன்.

ஏறியதும் வரவேற்றது செருப்புப் பெட்டி. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது, எல்லோரும் செருப்பைக் கழற்றியாக வேண்டும். அதற்கென்று சார் மார்பு உயரத்துக்கு ஒரு குறுகலான மரப்பெட்டி செய்து வைத்திருந்தார். மேலே மட்டும்தான் திறப்பு. ஒருவர் செருப்பின் மேல் அடுத்தவர் செருப்பு. முதலில் வந்தவருடையது அடியில் போய்விடும், எல்லோரும் கிளம்பிய பிறகுதான் அவர் வீடு போக முடியும்.

“இன்னா சார் அநியாயம் இது? நான்தானே ஃபர்ஸ்ட்டு வந்தேன்?” என்று முதல் நாளே சண்டைக்குப் போனேன்.

“அதனாலதாம்மா கடைசில போற. கடைசியா வெச்சது முதல்ல வரும். இதான் ஸ்டேக். பாடம் ஆரம்பிச்சாச்சு, குந்து.”

விளைவு? வகுப்பு நேரத்தில் மொத்த வகுப்பும் எதிர் டீக்கடையில் நின்றுகொண்டு, ‘நீ போ, நீ போ’ என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருக்கும். சார் மாடி ஜன்னலிலிருந்து அதைப் பெருமை பொங்கப் பார்ப்பார். பாடம் எங்களுக்குப் புரிந்துவிட்டதாம்!

அவருக்கு இன்னொரு வெறி, ஆப்ஜெக்ட். ப்ரோக்ராமில் ஒவ்வொன்றும் ஒரு ஆப்ஜெக்ட், அது தன் சரக்கைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும் என்பார். வேண்டியதை அதனிடம் கேட்கலாம், வயிற்றுக்குள் கை விடக்கூடாது. ஸ்டேக்கும் அப்படித்தான். ‘வெச்சுக்கோ’ என்றால் புஷ். ‘மேல இருக்கிறதைக் குடு’ என்றால் பாப். எடுப்பதற்கு முன்னால் ‘காலியா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். அதோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

இதை அவர் கம்ப்யூட்டரோடு நிறுத்தியிருந்தால் தேவலை. ஒருமுறை வயிற்றுவலி என்று டாக்டரிடம் போனார். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். “அது உள் விஷயங்க. நான் வலின்னு சொன்னேன், நீங்க மருந்து குடுங்க” என்று சொல்லிவிட்டார். டாக்டர் மருந்துக்குப் பதிலாக வாசலைக் காட்டினார்.

ஆனால் கேட்டதைச் செய்து கொடுப்பதில் சார் மன்னன். என் முதலாளிக்கு நிமிஷத்துக்கு ஒரு மனசு. மயிலை எடுத்துவிட்டு அன்னம் போடு என்பார். போட்டதும், “பழைய மயிலே நல்லாத்தானே இருந்துச்சு?” என்பார். மறுபடி புதுத்தாள், மறுபடி கட்டம். என் பேஜாரைக் கேட்ட சார், டிசைன் போட ஒரு ப்ரோக்ராமே எழுதிவிட்டார். நான் செய்கிற ஒவ்வொரு மாற்றமும் ஸ்டேக்கில் போய் உட்காரும். கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் கடைசி மாற்றம் கழன்று வரும். முதல் தடவை தட்டினேன், அன்னம் போய் மயில் வந்து நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முதலாளி மட்டும் நம்பவில்லை. பெரிய இடத்துக் கல்யாண ஆர்டர் ஒன்று வந்தது. “சாய்ங்காலத்துக்குள்ள டிசைன் என் கைக்கு வரணும். இல்லாட்டி இனிமே எல்லாத்தையும் காஞ்சிபுரத்து ஆளுகிட்ட குடுத்துருவேன்” என்று சொல்லிவிட்டு, தானே மாடி ஏறி வந்து உட்கார்ந்துகொண்டார். என் பிழைப்பே அன்று அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தது.

காலை முழுக்கப் படுத்தினார். மாங்காயைச் சின்னதாக்கு, கோபுரம் வை, வேண்டாம் எடு, கிளி போடு, கிளிக்கு மூக்கை வளை. ஒருவழியாக, “ஆங், இதான்! இதுல கை வெக்காத” என்றார். சார் அதைப் பதிந்து வைக்க ஃபிளாப்பியை எடுக்கத் திரும்பினார். கரண்ட் போய்விட்டது.

திரை கறுப்பு. அத்தனையும் போச்சு. என் கையில் மிஞ்சியது, காலையில் எதைப் பார்த்து ஆரம்பித்தோமோ அந்தப் பழைய தாள் மட்டும்தான்.

“இன்னா வாத்தியாரே, உன் மிஷினு முழுங்கிட்டுதா?” என்று சொல்லி முதலாளி எழுந்தார்.

சார் கண்ணை மூடினார். “கிளிக்கு மூக்கு வளைச்சோம்” என்றார்.

“முதல்லேர்ந்து சொல்லுய்யா, ஜல்தி!”

“அது வராதுங்க. கடைசிலேர்ந்துதான் வரும்.”

“அந்த மாங்கா எம்மாம் பெருசுன்னாவது சொல்லித் தொலை!”

“அதுக்கு மேல கிளி குந்திகினு இருக்குதுங்க. கிளி எறங்கட்டும்.”

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சார் ஒவ்வொன்றாக இறக்கினார். எத்தனை கட்டம், எந்தப் பக்கம், ஒன்றும் பிசகவில்லை. போட்டுவிட்டு வேண்டாமென்று அப்போதே கழற்றிய கோபுரம் அவர் வாயில் வரவே இல்லை. நான் நோட்டுத் தாளைக் கிழித்துத் துண்டுக்கு ஒரு மாற்றமாக எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போனேன்.

“இன்னும் இருக்கா சார்?”

“காலி.”

பார்த்தால், மேல் துண்டில் காலையில் செய்த முதல் மாற்றம். தலைகீழாக வந்ததெல்லாம் என் கையில் நேராக நின்றது. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய தாளில் ஏற்றினேன். கரண்ட் வரவே இல்லை. வெளிச்சம் போவதற்குள் டிசைன் முதலாளி கையில் இருந்தது. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, அடுத்த ஆர்டரையும் நீயே பாரு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் தறியிலிருந்து அந்தச் சேலை இறங்கியதும், முதலாளியிடம் கொடுப்பதற்கு முன்னால் சாரிடம் கொண்டுபோய் விரித்துக் காட்டினேன். பார்டர் கிளியை விரலால் தடவினார்.

“இது என் ப்ரோக்ராம்ல வந்ததா?”

“இல்ல சார். உங்க வாய்லேர்ந்து வந்தது.”

சார் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் எத்தனையோ சேலைக்கு டிசைன் போட்டுவிட்டேன், எவ்வளவோ பாராட்டு வந்தது. அந்தப் பொக்கைச் சிரிப்பை இன்னொரு தடவை பார்க்கக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.