மூன்றாவது தலையணை

வடிவு கழுத்தைத் திருப்ப முடியாமல் மொத்த உடம்பையும் திருப்பிக் காப்பி டம்ளரை நீட்டினாள்.

"நேத்தும் பொட்டுத் தூக்கம் இல்ல. நீங்க விடுத குறட்டைக்குக் காதப் பொத்திக்கிட்டு ஒருக்களிச்சே கெடந்து கழுத்து பிடிச்சுக்கிட்டு."

"நான் குறட்டை விடுதேன்னு எனக்குத் தெரியலையே வடிவு?"

"விடுதவனுக்கு எங்கயாவது தெரிஞ்சிருக்கா?"

உலகநாதனுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை. தன் கையால் அளந்து பார்க்காமல் ஒரு திருகாணியைக் கூடத் தேறியதென்று சொல்லமாட்டார். குறட்டை விஷயத்தில் மட்டும் மனைவியின் வாய்ச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தார்.

எண்பத்தேழாம் வருஷக் கோடை. குவார்ட்டர்ஸில் தரைத்தள வீடு. ஜன்னலை ஒட்டிக் கட்டில், எதிரே ஸ்டூலில் டேபிள் ஃபேன். ஜன்னலைச் சாத்தினால் வெந்துபோக வேண்டியதுதான்.

"'ஏங்க'ன்னு நான் ஒரு சத்தம் போட்டா குறட்டை நின்னுருது. ஒடனே வெளிய மணவாளன் விசில் ஊதுதாரு. வாட்ச்மேன்னா அவருதான். எம்புட்டுக் கருத்தா முழிச்சிருக்காரு! நீங்களும் இருக்கியளே."

ஞாயிற்றுக்கிழமை உலகநாதன் குமணன்சாவடிக்குப் போனார். அங்கே கஜபதி மெத்தை, தலையணை தைத்து விற்பவர்.

"குறட்டைன்றது வியாதியே இல்ல சார். தலை எறங்கிப் போவுது, சத்தம் ஏறிப் போவுது, அவ்ளோதான். நல்ல ஒசரமா இலவம்பஞ்சு அடைச்சித் தரேன். சத்தம் வந்தா என்னாண்ட கொணாந்து போடு."

திரும்பும்போது கண்டக்டர் தலையணையை ஏற இறங்கப் பார்த்து அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

பழைய தலையணையை வடிவு தூக்கி எறியவில்லை. "மணவாளனுக்குக் குடுங்க. ராப்பூரா முழிச்சிருக்க மனுசன், உக்காரவாவது வச்சுக்கிடட்டும்."

மறுநாள் காலை வடிவு காப்பியை நீட்டவில்லை, வைத்தாள்.

"முந்தி மூச்சு இழுக்க மாதிரி இருந்துச்சு. இப்ப மரம் அறுக்க மாதிரி இருக்கு."

உலகநாதனால் தலையைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை. உயரத் தலையணை அவர் கழுத்தையும் பிடித்துவிட்டது. அன்றைக்கு ஃபோர்மன் ஜானகிராமன் ஓர் உதிரிபாகத்தைக் காட்டி, "இது தேறுமா?" என்றார். தேறாதென்று தலையாட்ட நினைத்தார், தலை ஆடவில்லை. ஆடாத தலையைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஜானகிராமன் அதைத் தேறிய பெட்டியில் போட்டுவிட்டார். உலகநாதன் பின்னாலேயே ஓடிப்போய் எடுத்துவர வேண்டியிருந்தது.

மறுபடி குமணன்சாவடி.

"நீ எந்தப் பக்கம் படுக்கற சார்?" என்றார் கஜபதி.

"ஜன்னல் பக்கம்."

"அத்த மொதல்லியே சொல்லக் கூடாது? காத்து நேரா மூக்குல பூந்துகினு கீது. எடத்த மாத்து. உனுக்குத் தட்டையா ஒண்ணு, அம்மாவுக்குக் கழுத்தாண்ட முட்டுக் குடுக்கறா மாரி உருட்டா ஒண்ணு."

உயரத் தலையணையும் மணவாளனுக்குப் போனது. அவர் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

வடிவு ஜன்னல் பக்கம் படுத்தாள். உலகநாதன் எதிர்ச் சுவர்ப் பக்கம்.

"ஏங்க, நீங்க சொவத்தப் பாத்துத்தான படுத்திய? சத்தம் மட்டும் எப்படி எந் தலைமாட்டுலயே வந்து விழுது?"

"நான் என்ன வேணும்னா செய்யுதேன்?"

"இப்ப லாரி மேடு ஏறுத மாதிரி இருக்கு. இந்தா பாருங்க, கழுத்து இந்தப் பக்கமும் திரும்பல."

கடைசியில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உலகநாதனின் மூக்கில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "தண்டு லேசா வளைஞ்சிருக்கு. நிறைய பேருக்கு இருக்கறதுதான். சத்தம் ரொம்ப ஜாஸ்தியாம்மா?"

கேள்வி வடிவுக்குப் போனது. அவள் வர்ணித்தாள். லாரியும் மேடும் வந்தன. டாக்டர் டார்ச்சை அணைத்தார். "அப்ப ஆபரேஷன் பண்ணிடலாம்."

உலகநாதன் ஊசி போட்டாலே மயங்கி விழுகிறவர்.

"வேற தலையணை ஒண்ணு பாப்பமே, வடிவு? அம்பத்தூர்ல ரப்பர் ஃபோம்ல விக்கானாம்."

"ஒண்ணு மூக்கச் சரிபண்ணுங்க. இல்ல, நான் திருநேலிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருதேன். கழுத்தாவது மிஞ்சும்."

உலகநாதன் மூக்கைத் தேர்ந்தெடுத்தார்.

ஆஸ்பத்திரியில் சேரும் நாள் சாயங்காலம் வடிவு துணிமணிகளைப் பையில் அடைத்தாள். ஃபேனை நிறுத்தினாள். உலகநாதன் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் முழுசாக இருக்கும் மூக்கை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். தெருக்கோடியில் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது.

வாசலில் மணவாளன் வந்து நின்று சல்யூட் வைத்தார்.

"தைரியமா போய்ட்டு வா சார். ஒண்ணும் ஆவாது."

"வீட்டப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. உங்கள நம்பித்தான் போறோம்," என்ற வடிவு, படுக்கையறை ஜன்னல் கதவை இழுத்தாள்.

மணவாளன் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார்.

"அத்த மட்டும் சாத்தாதம்மா, ஃபேனையும் ஓடவுட்டுட்டுப் போ! அந்தக் காத்து வெளிய வரலேன்னா, சார் குடுத்த ரெண்டு தலகாணியையும் போட்டுகினு மல்லாந்தாக்கூட ராத்திரில எனுக்கு இந்த ஜன்னலாண்ட தூக்கமே புடிக்காது."