மருமகன் எழுதிய கதவு

அக்காள் பெற்ற அருமை மருமகனுக்கு உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆத்திரத்தில் கை அந்த வரியை எழுத மறுக்கிறது. உன் சுகத்தை நீயே விசாரித்துக்கொள்.

நம் லிஃப்ட் கம்பெனியில் உன்னைச் சேர்த்துவிட்டது யார்? நான். "பையன் கம்ப்யூட்டருக்கு எழுதும் சி மொழியில் புலி, புலிக்குப் பாய்ச்சல் சொல்லிக்கொடுத்தது அடியேன்" என்று முதலாளியிடம் சொன்னது யார்? அதுவும் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடம் தோற்று ஓடிவிட்டது உண்மைதான். ஆனாலும் அந்த மொழியை உண்டாக்கியவர்களே சந்தேகம் வந்தால் எனக்குத்தான் எழுதியிருப்பார்கள். விலாசம் தெரியாததால் விட்டுவிட்டார்கள். அப்பேர்ப்பட்டவனை நேற்று நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாயே!

புது லிஃப்டைக் காட்டுவதற்கு முதலாளி தன் மாமியாரை அழைத்துக்கொண்டு ஏறினார். உள்ளே திரையில் வரவேற்பு வாசகம் ஜம்மென்று ஓடியது. அது நான் எழுதிய பகுதி, அதைப் பார்த்து அந்த அம்மாள் கையே தட்டினார்கள். அடுத்தது நீ புரோகிராம் எழுதிய கதவு. மூடியது, மூடியதுதான். புரோகிராம் மண்டையைப் போட்டுவிட்டது. உள்ளே மாமியாரும் மாப்பிள்ளையும் மட்டும். வெளியே கடப்பாரையோடு நாங்கள். கல்யாணமான நாள் முதல் அவர் செய்த தப்புகளை அந்த அம்மாள் ஒன்றுவிடாமல் சொன்னது எங்களுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். வெளியே வந்த முதலாளி என் சட்டையைப் பிடிக்காத குறையாக, "யாருய்யா இதை எழுதினது?" என்று கத்தினார்.

நான் பதறவில்லை. பேக்ட்ரேஸ் எடுத்தேன். புரோகிராம் விழுந்த கணத்தில் எந்தப் பகுதி ஓடியது, அதைக் கூப்பிட்டது எது, அதற்கும் முன்னால் எது என்று பின்னோக்கி அடுக்கிச் சொல்லும் வாக்குமூலம் அது. அதை என்னைப்போல் படிக்க இன்னொருவன் பிறந்து வரவேண்டும். பார்த்தால், உச்சியில் நிற்கிறது உன் கதவு மூடும் பகுதி! மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "என் அக்கா மகன்தான் சார்" என்றேன். "நாளையிலேர்ந்து அவன் வரவேணாம்" என்றுவிட்டார். உன் அம்மா அப்போதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசமாட்டேன் என்பதைப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

இத்தனைக்கும் நடுவில் நீ போனில் எனக்கே பாடம் எடுத்தாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

"மாமா, பேக்ட்ரேஸ் பொணம் கிடக்கிற எடத்தத்தான் காட்டும். குத்தினவன் முன்னாடியே போயிருப்பான். வேற யாரோ மெமரியில தனக்கு ஒதுக்கின எடத்தத் தாண்டி எழுதி, என் கதவு படிக்கிற மாடி நம்பரை அழிச்சிருக்காங்க."

"எவன்டா அவன்?"

"தெரியலையே மாமா. மெமரியில அந்த நம்பர் இருக்கிற எடத்துக்கு ஒரு காவல் போட்டு ஓட்டுங்க. யாரு கை வச்சாலும் புரோகிராம் அங்கேயே நிக்கும். அப்ப பேக்ட்ரேஸ் எடுங்க, கையும் களவுமா மாட்டுவான்."

"மாட்டட்டும், தோலை உரிச்சிடுறேன்."

"உரிங்க மாமா. எனக்கு வேலை திரும்பக் கிடைச்சா போதும்."

பொணமாம், காவலாம்! செய்ததையும் செய்துவிட்டுத் துப்பறிகிறானாம்! சரி, உன் வாயை அடைக்கவே காவல் போட்டு ஓட்டப்போகிறேன். எந்தத் தடியன் மாட்டினாலும், இனி ஆயுளுக்கும் கீபோர்டைத் தொடமாட்டேன் என்று முதலாளி முன்னால் சத்தியம் வாங்காமல் விடமாட்டேன். எவனும் மாட்டாவிட்டால் நீ என் அக்கா மகனே இல்லை.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீயும் உன் மனைவியும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆசீர்வதிக்கும்,
உன் தாய்மாமன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படிக்காதே. காவல் போட்டேன், டக்கென்று நின்றது. பேக்ட்ரேஸின் உச்சியில் வரவேற்பு வாசகம். இதுவரை அதில் என் பெயர் மட்டும் இருந்தது, ஒழுங்காக ஓடியது. நேற்று மாமியார் வருகிறார்களே என்று "லிஃப்ட் வேந்தர், சி மொழிச் செம்மல்" என்ற என் பட்டங்களையும் சேர்த்தேன். பாழாய்ப்போன மெமரியில் ஒரு தமிழ் எழுத்து குறைந்தது மூன்று இங்கிலீஷ் எழுத்தின் இடத்தை அடைக்கும் என்று எவன் கண்டான்? செம்மல் போய் உன் மாடி நம்பர் மேல் உட்கார்ந்துவிட்டார். முதலாளியிடம், "குற்றவாளியைப் பிடிச்சுட்டேன் சார், என் மருமகன் சொக்கத்தங்கம்" என்றேன். "யாருய்யா அவன்?" என்றார். "மூத்த ஊழியர், மானஸ்தர், பேரு வேணாம் சார்" என்றேன். சத்தியம் வாங்கும் விஷயத்தையும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். முதலாளி உன்னைத் திரும்ப வரச்சொல்லிவிட்டார், காலையில் வேலைக்கு வந்துவிடு. வந்ததும் முதல் வேலையாக வாசகத்துக்கு ஒதுக்கிய இடத்தை மூன்று மடங்காக்கு. பட்டத்தில் ஒரு எழுத்துகூடக் குறைக்கமாட்டேன். "குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்தவர்" என்று இன்னொன்று வேறு சேர்க்கவேண்டியிருக்கிறது.