எல்லாருக்கும் ஓகே

“தம்பி, பாடையைக் கட்டவா, வேணாமா? ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டார் பஞ்சநதம். ஒரு கையில் அரிவாள், மறு கையில் பிளந்த மூங்கில்.

“ஓகே சித்தப்பா” என்றான் மதிவாணன்.

பஞ்சநதம் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தார். மதிவாணனின் ஓகேக்குப் பொருள் கண்டவர் அந்த ஊரில் யாரும் இல்லை. சில நேரம் அது ‘சரி’. சில நேரம் ‘காதில் விழுந்தது’. போனில் சொன்னால் ‘வைத்துவிடுங்கள்’. பெரும்பாலும் ‘முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை’ என்பதுதான் அதன் பொருள். நாற்பத்திரண்டு வயதில் அவன் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. சொன்னதில் பாதியைச் செய்ததும் இல்லை. தங்கமான பிள்ளை என்று பெயர் மட்டும் எடுத்துவிட்டான்.

அன்று வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் அவன் அப்பா துரைராசு தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தார். விஷயம் வெளியே தெரிந்த அரை மணி நேரத்தில் வாடகைச் சாமான் கடைச் சித்தீக்கின் வண்டியில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டுக்குப் பெட்டியும் நாற்காலியும் தாமாக வந்துவிடுவது வழக்கம்தானே.

முதல் போன் சிங்கப்பூரில் இருந்து. அண்ணன் இளஞ்செழியன்.

“மதி, நாளைக்குக் காலையில திருச்சியில வந்து எறங்குறேன். நான் மொகத்தப் பாக்காம அப்பாவ எடுக்கக்கூடாது. என்ன?”

“ஓகேண்ணே.”

அடுத்து, சீர்காழியில் இருந்து அக்கா அனுராதா அழுதுகொண்டே வந்து இறங்கினாள். அழுகைக்கு நடுவிலேயே காலண்டரையும் பார்த்துவிட்டாள்.

“நாளைக்கு சனிக்கெழமடா! சனிப் பொணம் தனியாப் போவாது. இன்னிக்கே நாலு மணிக்குள்ள எடுத்துடணும்.”

“ஓகேக்கா.”

பத்து மணிக்கு அறுப்பு மெஷின் புரோக்கர் குஞ்சிதபாதம் கூப்பிட்டார். வயலில் சம்பா சாய்ந்து கிடந்தது. நாளைக்கு மழை என்று வேறு சொல்லியிருந்தார்கள்.

“மூணு மணிக்கு ஒங்க வயலுக்கு மெஷின் வருது. விட்டா அடுத்த வாரந்தான். அனுப்பவா?”

“ஓகே.”

போனை வைத்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அப்பாவை இன்றும் எடுக்கவேண்டும், நாளையும் எடுக்கவேண்டும், நடுவில் நெல்லையும் அறுக்கவேண்டும். மனைவி பூர்ணிமா காப்பித் தம்ளரோடு வந்து நின்றாள்.

“அண்ணன்கிட்ட ஒரு பேச்சு, அக்காகிட்ட ஒரு பேச்சா? யாராவது ஒருத்தர்கிட்ட முடியாதுன்னு சொல்லுங்களேன்.”

“ஓகே” என்று காப்பியை வாங்கிக்கொண்டான்.

பஞ்சநதம் பாடையைக் கட்டி முடித்த நேரத்தில் அண்ணன் வீடியோவில் வந்தான். அப்பாவின் முகத்தைக் காட்டச் சொன்னவன் கண்ணில் பாடைதான் முதலில் பட்டது.

“என்னடா அது? இன்னிக்கே எடுக்கப் போறீங்களா?”

“இல்லண்ணே, சும்மா கட்டிப் பாக்குறாங்க.”

பாடையைச் சும்மா கட்டிப் பார்க்கிற ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது? மதிவாணன் ஓடிப்போய் அவிழ்க்கச் சொன்னான். பஞ்சநதம் அவிழ்த்தார். அக்கா வந்து பார்த்து ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் கத்தினாள். மறுபடியும் கட்டச் சொன்னான். பஞ்சநதம் கட்டினார். அண்ணன் மறுபடியும் கூப்பிட்டான்.

“பச்ச மூங்கி தம்பி, இப்புடி அவுத்து அவுத்துக் கட்டுனா நாராப் போயிடும்” என்றார் பஞ்சநதம்.

இதற்குள், நாளைக்குத்தான் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எதிர்வீட்டுக் காளியம்மாள் ஒரு கோழியோடு வந்துவிட்டாள். சனிக்கிழமை பிணத்துக்குத் துணையாகப் பாடையில் கோழி கட்டவேண்டுமே!

“எங்கூட்டுக் கோழியே போவட்டும். மாமா கையால தீனி தின்ன கோழி.”

“ஓகே.” கோழி பந்தக்காலில் கட்டப்பட்டது. அக்கா அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்தான்.

மூன்று மணிக்குத் தெருவே அதிர மெஷின் வந்து நின்றது. பறை அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு ஒதுங்கினார்கள். பந்தல் தெருவை அடைத்துப் போட்டிருந்தது. வயலுக்கு வேறு வழி கிடையாது.

“பந்தலப் பிரிச்சாத்தான் போவும்” என்றான் டிரைவர்.

“ஓகே” என்றான் மதிவாணன்.

பந்தலைப் பிரித்தார்கள். வந்திருந்த ஜனம் வெயிலில் நின்று வாயில் வந்தபடி பேசியது. அப்பாவைப் பெட்டியோடு தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பந்தக்காலைப் பிடுங்கியபோது அவிழ்ந்த கோழி, கூடையைத் தள்ளிவிட்டுக் கூடத்துக்குள் ஓடி, பெட்டியின்மேல் ஏறி நின்று இறக்கையை அடித்தது.

“கோழியா? அப்ப நாளைக்குத்தான் எடுக்கப் போறியா?” அக்கா போனை எடுத்து அண்ணனையே கூப்பிட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் சண்டை தொடங்கியது.

“எங்கிட்ட ஓகேன்னு சொன்னான்!”

“எங்கிட்டயுந்தான் சொன்னான்!”

மெஷினோடு வந்திருந்த குஞ்சிதபாதம் இந்தச் சண்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு மெஷினை அடுத்தவர் வயலுக்குத் திருப்பிவிட்டார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மதிவாணனைப் பார்த்தார்கள்.

“வாயத் தொறந்து சொல்லுடா. இன்னிக்கா, நாளைக்கா?” என்றாள் அக்கா.

அவன் பெட்டிமேல் நின்ற கோழியைப் பிடித்துக் கீழே விட்டான். காலையில் இருந்து அவன் மனதில் ஓடிக்கொண்டிருந்தது வேறு விஷயம். புதன்கிழமை மாலை அப்பா இதே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, “நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குடா. ஆஸ்பத்திரிக்குப் போவலாமா?” என்று கேட்டார். போனில் மெஷினுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவன் நிமிராமலே, “ஓகேப்பா” என்றான். அதற்குப் பிறகு அப்பா கேட்கவில்லை. அவனும் போகவில்லை. இதை அவன் பூர்ணிமாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

இடம் மாற்றிய பெட்டிக்குக் கரண்ட் கொடுக்க வந்திருந்த சித்தீக், மூலையில் குனிந்து பிளக்கைச் செருகிக்கொண்டிருந்தார். மதிவாணனுக்கு ஒரு வழி தோன்றியது. முடியாது என்பதை அடுத்தவர் வாயால் சொல்லவைப்பதில் அவன் கைதேர்ந்தவன். பெட்டியைச் சாயங்காலமே எடுக்கவேண்டும் என்று சித்தீக் சொல்லிவிட்டால் போதும், அண்ணனிடம் அவன் எதுவும் பேசவேண்டியதில்லை.

“பாய், இந்தப் பெட்டியை நாளைக்கு வரைக்கும் வைக்க முடியாதுல்ல?” என்று எல்லார் காதிலும் விழும்படிக் கேட்டான்.

சித்தீக் நிமிர்ந்தார். “ஏன் முடியாது? ரெண்டு நாளைக்குன்னுதானே சொல்லியிருந்தாங்க.”

“யாரு சொன்னா?” என்றாள் அக்கா. அவள் பூர்ணிமாவைப் பார்த்தாள், பூர்ணிமா மதிவாணனைப் பார்த்தாள்.

“ஐயாதாங்க. புதன்கெழம சாயங்காலம் போன் பண்ணி, ரெண்டு நாளைக்கு ஒரு பெட்டி வேணும்னாரு. யாருக்குன்னு கேட்டேன்.” சித்தீக் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “‘ஆஸ்பத்திரிக்குப் போவலாமான்னு மவனக் கேட்டேன் சித்தீக்கு, ஓகேன்னுட்டான்; அதான் ஒங்கிட்ட சொல்லிவைக்கிறேன்’னாருங்க.”