மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு கல்லறை

"செத்தவர் மேல நடவடிக்கை எடுக்க முடியாதுங்க," என்றார் விதை வயல்களுக்கு எல்லை வகுக்கும் அதிகாரி, மேசை மேல் வரைபடத்தை விரித்தபடி. "ஆனா அவர் கல்லறை மேல வளர்ந்திருக்கிற கடுகு மேல எடுத்தே ஆகணும்."

விதைக்காரர் வரைபடத்தைப் பார்த்தார். நடுவில் அவருடைய டர்னிப் வயல். அதைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குச் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள்ளே, வயலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஊர் இடுகாடு. அதில் பேனாவால் ஒரு மஞ்சள் புள்ளி.

"எத்தனை செடி?"

"நாற்பத்தேழு. நானே எண்ணினேன். பத்து பூத்தாச்சு. மீதி மொட்டு."

விதைக்காரர் டர்னிப் வளர்ப்பது கிழங்குக்காக அல்ல, விதைக்காக. கடுகும் டர்னிப்பும் ஒன்றுவிட்ட பங்காளிகள். பங்காளிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வழக்கமாக என்ன நடக்குமோ அதுதான் இங்கும் நடக்கும். நடுவில் ஒரு தேனீ புகுந்து இரண்டையும் கலந்துவிட்டால், அடுத்த வருஷம் முளைப்பது ஒழுங்காகக் கிழங்கும் வைக்காது, எண்ணெயும் தராது. அதனால்தான் சட்டம். விதை வயலைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் கடுகு பூக்கக் கூடாது. பூத்தால் விதைக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாத விதை மாட்டுக்குத்தான். விதைக் கம்பெனி இந்த ஒரு வருஷம்தான் பார்ப்பதாக ஏற்கெனவே எழுதிவிட்டது. இது போனால் வயலும் போகும்.

"பிடுங்கிப் போட வேண்டியதுதானே?"

"யாரு? நிலம் யார் பேர்ல இருக்கோ அவர்தான் பிடுங்கணும். அந்தக் குழி முப்பது வருஷத்துக்கு அவர் பேர்ல குத்தகை. அவர் எழுந்து வந்து பிடுங்கப் போறதில்ல. வாரிசு எழுத்துல சம்மதம் கொடுக்கணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது, விதி பதினாலு." அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த விதி எதுக்கு வந்ததுன்னு உங்களுக்குத் தெரியாததில்ல."

தெரியும். அந்த விதி வந்ததே இவரால்தான்.

குழிக்குள் இருந்தவர் எதிர்வீட்டுச் செக்குக்காரர். ஒரு காலத்தில் இவருக்கு அண்ணன் மாதிரி. ஒரே ஏணியை இரண்டு வீடும் வைத்துக்கொண்டிருந்தது. செக்குக்காரர் கடுகு விதைத்து, தானே ஆட்டி, எண்ணெய் விற்றார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் விதைக்காரர் மனுப் போட்டார், அலுவலகம் வட்டம் போட்டது, கடுகு வயல் வட்டத்துக்குள் விழுந்தது. நோட்டீஸ் போய்ச் சேரும்வரை பொறுக்காமல், விதைக்காரர் வேலியைத் தாண்டிப் போய்த் தன் கையாலேயே அரை வயலைப் பிடுங்கினார். அன்றைக்குப் பேச்சு நின்றது. செக்கும் நின்றது. மூன்று மாதத்துக்கு முன் செக்குக்காரர் இறந்தபோது, விதைக்காரர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பெட்டி போவதைப் பார்த்தார். கூடப் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது. தோன்றி என்ன செய்ய?

"பதினஞ்சு நாள்ல வருவேன்," என்று சொல்லி அதிகாரி வரைபடத்தைச் சுருட்டினார்.

அவர் போனதும் மனைவி சொன்னாள்: "எதிர் வீடு. பத்தடி. போய் அந்த அம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"எந்த மூஞ்சியை வச்சிட்டுப் போறது? 'உங்க வீட்டுக்காரர் கல்லறையில பிடுங்கணும், கையெழுத்துப் போடுங்க'ன்னு கேக்கச் சொல்றியா?"

"சாவுக்குப் போயிருந்தா இப்ப சுலபமா இருந்திருக்கும்."

"அவங்கதான் வேணும்னே தூவியிருக்காங்க. பழி வாங்கறாங்க. இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்னு இதைத்தான் சொல்றது."

அடுத்த நாள் காலையில் அவர் இடுகாட்டுக்குப் போனார். பிடுங்கத்தானே கூடாது? பூவை வெட்டக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. சட்டைப்பைக்குள் கத்தரிக்கோல். வாசலில் காவலாளி ஒரு நோட்டை நீட்டினார்.

"வர்றவங்க பேர் எழுதணும் சார். யாரைப் பாக்க?"

"செக்குக்காரரை."

காவலாளியின் முகம் மலர்ந்தது. "அவருக்கா? புதைச்ச அன்னைக்கு அப்புறம் வர்ற முதல் ஆள் நீங்கதான் சார். நெருங்கின சொந்தமா?"

"பக்கத்து வயல்," என்றார் விதைக்காரர், பொய் சொல்லாமல்.

கல்லறைமுன் மண்டியிட்டார். மண்டியிடாமல் வெட்டினால் காவலாளிக்குத் தெரிந்துவிடும். தலை குனிந்து, தோள் குலுங்க, ஒவ்வொரு பூங்கொத்தாக வெட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெட்டும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "படுபாவி, தானும் படுக்க மாட்டே, தள்ளியும் படுக்க மாட்டியா?" என்று திட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மனிதன் விம்மி விம்மி அழுவது போலத்தான் இருந்தது.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். மொட்டு தினமும் விரிந்துகொண்டிருந்ததால் தினமும் போகவேண்டியிருந்தது. திட்ட எவ்வளவு நாள் விஷயம் இருக்கும்? நாலாம் நாள் அவர் வானிலையைப் பற்றிச் சொன்னார். ஐந்தாம் நாள் மகன் போன் எடுப்பதில்லை என்பதைச் சொன்னார். ஆறாம் நாள், கம்பெனிக்காரன் எழுதிய கடிதத்தை வரி விடாமல் சொல்லி, "உன்னை மாதிரி நானும் செக்குமாடாட்டம் சுத்திட்டே இருக்கேன் அண்ணே, ஒண்ணும் நகரல," என்றார். பதினொரு வருஷம் வாயில் வராத 'அண்ணே' எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

ஏழாம் நாள் அவர் தலையில் இடி விழுந்தது. தலையை வெட்டிய செடி ஒவ்வொன்றும் பக்கத்தில் நாலு கிளை விட்டிருந்தது. கிளைக்குக் கிளை மொட்டு. நாற்பத்தேழு பூங்கொத்து வரவேண்டிய இடத்தில் இருநூறு.

விதை போடுகிற மனிதருக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். வருஷா வருஷம் தன் டர்னிப்புக்கு அவர் செய்வதே இதுதான். நுனியைக் கிள்ளினால் கிளை அடிக்கும், கிளை அடித்தால் விதை பெருகும். ஆத்திரத்தில் கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது.

அதற்குமேல் செடி வேறு கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது. விதைக்காரர் குனிந்து மண்ணைத் தொட்டார். ஈரம். முகர்ந்தார். எரு.

காவலாளி பின்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "உங்க பாட்டைப் பாத்து மனசு கேக்கல சார். எத்தனையோ கல்லறை பாத்திருக்கேன். முதல் வாரம் கூட்டம் வரும், அப்புறம் காக்காகூட வராது. தினமும் வந்து அழற மனுஷனை இப்பத்தான் பாக்கறேன். அதான் நானும் என்னால ஆனது, தண்ணி ஊத்தி உரம் போட்டேன். செடி நல்லா வரட்டும் சார்."

"ரொம்ப நன்றி," என்றார் விதைக்காரர். வேறென்ன சொல்ல?

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியாகிவிட்டது. இனி வெட்டினால் எண்ணூறு. அவர் வீட்டுக் கொட்டகையிலிருந்து பூச்சி புகாத வலையை எடுத்து வந்தார். தன் நாற்றங்காலுக்குப் போடுகிற அதே வெள்ளை வலை. நாலு மூலையிலும் குச்சி நட்டு, கல்லறையை மூடி, ஓரத்தில் கல் வைத்தார். பூ பூக்கட்டும், தேனீ உள்ளே போகாதல்லவா?

காவலாளி வெகுநேரம் பார்த்தார். "சார்... செத்தவரைக் கொசு கடிக்குமா?"

"வெயில் படாம இருக்க."

"கொடுத்து வச்சவர் சார் அவரு," என்றார் காவலாளி. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கடைத்தெருவில் பாதிப் பேர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மீதிப் பேர், "பகையாளிக்கு இப்படி உருகறானே, அந்தாள் எப்படிச் செத்தாருன்னு நல்லா விசாரிச்சாங்களா?" என்று கேட்டார்கள். மனைவி காய்கறிப் பையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னும் அதே பத்தடிதாங்க," என்றாள். அவர் எதிர்வீட்டு வாசலைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. மனசும் கால்களும் ஒத்துப்போகவில்லை.

வலை சரியாக இருக்கிறதா பார்க்க என்று அவர் அதற்குப் பிறகும் தினமும் போய்க்கொண்டுதான் இருந்தார். அதிகாரி பதினாலாம் நாளே வந்துவிட்டார். விதைக்காரரையும் கூட்டிக்கொண்டு நேராக இடுகாட்டுக்குப் போய், வலையைத் தூக்கிப் பார்த்து, மண்ணைக் கிளறிப் பார்த்து, காவலாளியின் நோட்டை வாங்கிப் புரட்டினார். பக்கம் முழுக்க ஒரே கையெழுத்து.

"இது தானா முளைச்ச செடின்னுதான் நான் முதல்ல எழுதினேன்," என்றார் வருத்தத்தோடு. அவர் கெட்டவர் இல்லை. படித்ததை நம்புகிறவர், அவ்வளவுதான். "இப்ப பாருங்க. நுனி கிள்ளியிருக்கு. தண்ணி பாய்ச்சியிருக்கு. உரம் போட்டிருக்கு. வலை கட்டியிருக்கு. பதிமூணு நாள் தவறாம ஒரு ஆள் வந்து கவனிச்சிருக்கார். இது களை இல்லைங்க. சாகுபடி."

"சாகுபடியா? யார் பண்ணினா?"

அதிகாரி நோட்டைத் திருப்பிக் காட்டினார். "நீங்கதான்."

விதைக்காரர் வலைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புகார் கொடுத்தவரும் அவரே, குற்றவாளியும் அவரே என்றால், இனி யாரிடம் போய் நியாயம் கேட்பது?

"வலை போடறதுக்கு முன்னாடி ஏழு நாள் தேனீ வந்து போயிருக்கு. இடுகாட்டைப் பாத்த பாதி வயலை உழுதுடணும், அதுல மாத்தமில்ல," என்றார் அதிகாரி. "மீதிப் பாதியாவது பிழைக்கணும்னா, நாளைக்கு மதியத்துக்குள்ள வாரிசு கையெழுத்து வேணும், இங்க ஒரு செடி இருக்கக் கூடாது."

மறுநாள் காலை டிராக்டர் வந்தது. பூத்து நின்ற பாதி வயலை அது மடக்கி மண்ணுக்குள் போட்டதை விதைக்காரர் வரப்பில் நின்று பார்த்தார். பதினொரு வருஷத்துக்கு முன் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இப்படித்தான் நின்றிருந்தார். அன்று அந்த முகத்தை இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த நினைப்பு வந்ததும் வரப்பில் நிற்க முடியாமல், செருப்பைக்கூடத் தேடாமல், நேராக எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

செக்குக்காரர் மனைவி திறந்தாள். பதினொரு வருஷத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"வாங்க," என்றாள்.

செக்கு இருந்த அறையில் இப்போது பழைய நாற்காலிகள் அடுக்கியிருந்தன. எண்ணெய் வாடை மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்த சம்மதக் காகிதத்தை எடுத்து நீட்டினார். அவள் படித்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தாள், கையெழுத்துப் போட்டாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"நானும் வர்றேன். கையைக் கொடுங்க, முட்டி மடங்க மாட்டேங்குது," என்றாள்.

இடுகாட்டில் அவளுக்குக் காவலாளி ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். விதைக்காரர் வலையைப் பிரித்து, ஒவ்வொரு செடியாக வேரோடு பிடுங்கிச் சாக்கில் போட்டார். நாற்பத்தேழும் வந்தன. கல்லறை வெறும் மண்ணாக, இப்போதுதான் மூடியது போலக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே.

"அண்ணி," என்றார். "நான் ஒண்ணு சொல்லணும். ஊர் சொல்றதை நம்பாதீங்க. நான் அழ வரல. பூ வெட்டத்தான் வந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் தடுக்கல?"

அவள் சாக்கிலிருந்து எட்டிப்பார்த்த ஒரு மஞ்சள் கொத்தை உள்ளே தள்ளிவிட்டாள்.

"நான் பண்ணினது தப்புதான் அண்ணி. அதுக்காக செத்த பிறகும் இப்படிப் பழி வாங்கணுமா? பாதி வயல் போச்சு. அண்ணனுக்கு என் மேல அவ்வளவு பகையா?"

"பகையா?" என்றாள் அவள். "கடைசி நாள்ல அவரே ஒரு பிடி கடுகை என் கையில கொடுத்துச் சொன்னாரு: 'புள்ளைங்க மூணே மாசத்துல மறந்துடும், நீ முட்டி வலின்னு வரமாட்டே, இதை மேல தூவி விடு, அவன் ஒருத்தனாவது தினமும் வந்து பேசிட்டுப் போவான்.'"