துறை வாயிலில் ஒரு படகுக்காரர்

"இன்னும் நிக்குதா?" என்று ஆஸ்முண்ட் மறுபடியும் கேட்டார்.

"நிக்குது," என்றாள் ரக்னா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முன்னால மனுஷன் இருக்காராம். அவர் நகர்ந்தாத்தான் வருவேங்குது."

கட்டுப்பாட்டு அறை ஜன்னலுக்கு வெளியே, இரண்டு மலைகளுக்கு நடுவே நுழைந்த கடலில், தூறலில் நனைந்தபடி நின்றது கப்பல். மாலுமி கிடையாது, புகை கிடையாது. பேட்டரியில் ஓடி, தானே வழி பார்த்து, தானே கரை சேரும் பயணிக் கப்பல். ஆஸ்முண்ட் தூக்கத்தைத் தொலைத்து உருவாக்கியது.

அதற்கும் துறை வாயிலுக்கும் நடுவில் ஒரு சின்னத் துடுப்புப் படகு நங்கூரம் போட்டிருந்தது. ஆரஞ்சு மழைக்கோட்டும் தலைமூடியுமாக ஓர் ஆசாமி, முதுகைக் காட்டிக்கொண்டு தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் பனிமூட்டம் கலைந்தபோதே அங்கேதான் இருந்தார்.

இன்றைக்குப் பார்த்தா! பெர்கன் நகரத்துக் கம்பெனி ஒன்று, இன்றைய வெள்ளோட்டத்தைப் பார்த்துவிட்டு, இதுபோல நான்கு கப்பல் வாங்குவதாக இருந்தது. அது கைநழுவினால், கிறிஸ்துமஸுக்குள் கப்பல் கட்டும் தளத்தில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்தக் கம்பெனி முதலாளிக்கு ஜலதோஷமாம், தனக்குப் பதில் குன்வோர் என்ற அம்மாளை அனுப்பியிருந்தார். அந்த அம்மாள் மூலையில் உட்கார்ந்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிளைத் தின்றுவிட்டு, காலுறை பின்னிக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. அதனாலேயே ஆஸ்முண்ட் நிமிஷத்துக்கொரு தரம் அவர் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுமில்ல, சின்னத் தாமதம்," என்று இளித்தார்.

"பரவாயில்ல. எனக்கு இன்னும் குதிகால் பின்ன வேண்டியிருக்கு."

"ரக்னா, ஹாரன் அடி!"

அடித்தாள். மலையெல்லாம் அதிர்ந்தது. படகுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஹாரன் கேட்டதும் வாசிக்கச் சொல்லி வைத்திருந்த பள்ளிக்கூட பேண்டு, கரையில் வரவேற்பு மெட்டை ஆரம்பித்துவிட்டது.

"கப்பலே வரல, யாருக்குடா வரவேற்பு? போன் பண்ணி நிறுத்தச் சொல்லு!"

ரக்னா பேசிவிட்டு வந்தாள். "நிறுத்த மாட்டாங்களாம். ஊதினாத்தான் குளிர் தெரியலையாம்."

"சரி, நம்ம படகுல போய் அந்த ஆளை எழுப்பு."

"எந்தப் படகு? டீசல் படகைத்தான் வித்துட்டோமே. 'இனி இங்கே புகைக்கு இடமில்லை'ன்னு நீங்க சிரிச்ச போட்டோகூட பேப்பர்ல வந்துதே."

ஆஸ்முண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். "ஐயா, படகுல இருக்கறவரே, கொஞ்சம் வழி விட முடியுமா?" என்று தேன் ஒழுகக் கேட்டார். பதில் இல்லை. குரலை உயர்த்தினார். அதற்கும் இல்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "காது கேக்காத கிழட்டுக் கழுதை! இவன் மூஞ்சிக்கு மீன் வேற மாட்டுமா?" என்றார்.

மைக்கை அணைக்கவில்லை.

ஊர் முழுக்க அது கேட்டது. பேண்டு பாதி மெட்டில் நின்றது. தொலைபேசி அடித்தது.

"பாதிரியார்," என்றாள் ரக்னா. "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். இருந்தும் இது தெளிவாக் கேட்டுதாம். தன்னைத்தான் சொன்னீங்களான்னு கேக்கறார்."

ஆஸ்முண்ட் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"பசியா இருப்பான். ட்ரோன்ல ஒரு பன்னும் காபியும் அனுப்பு. வயிறு நிறைஞ்சா மனசு இளகும்."

இலவங்கப்பட்டை பன்னோடு ட்ரோன் கிளம்பியது. வாசனை படகுக்காரருக்கு எட்டியதோ இல்லையோ, கடற்காகங்களுக்கு எட்டிவிட்டது. ஒரு பெரும்படையே பாய்ந்தது. ட்ரோன் கடலில் விழுந்தது, பன்னும் போச்சு. ஏமாந்த பறவைகள் அத்தனையும் கப்பலைச் சூழ்ந்து மிதந்தன.

"இப்ப பின்னாலயும் போக மாட்டேங்குது," என்றாள் ரக்னா. "நாலு பக்கமும் உயிர் இருக்காம்."

மூலையில் ஊசிகள் டிக் டிக் என்று பின்னிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தம் ஆஸ்முண்டின் மண்டைக்குள் இறங்கியது.

"அந்தப் புத்தியை அணை."

"எந்தப் புத்தியை?"

"ஆளைப் பார்த்தா நிக்கிற புத்தியை! மெதுவா முன்னால விடு. லேசா ஒரு இடி இடிச்சா எழுந்து ஓடிடுவான்."

"ஆஸ்முண்ட், அது மனுஷன்!"

"மனுஷனா அவன்? தள்ளு!" அவளை விலக்கிவிட்டு அவரே பொத்தானை அமுக்கினார்.

கப்பல் சத்தமில்லாமல் நகர்ந்தது. பறவைகள் அலறிக்கொண்டு எழும்பின. கப்பலின் மூக்கு படகைத் தொட்டதுதான் தாமதம், படகு சாய்ந்தது. ஆசாமி உட்கார்ந்த வாக்கிலேயே, தூண்டிலும் கையுமாகத் தண்ணீரில் விழுந்தார். ஒரு கூச்சல் இல்லை. கையைக் காலை உதைக்கக்கூட இல்லை.

ஆஸ்முண்டின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. "ஐயையோ! கொன்னுட்டேனே!" சுவரில் தொங்கிய உயிர்காப்பு வளையத்தைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலுக்கு ஓடினார். ரக்னா கப்பலை நிறுத்திவிட்டு மீட்புப் படைக்கு எண்ணைச் சுழற்றினாள்.

"போனை வைம்மா," என்ற குன்வோர், நூலை அறுத்துக் காலுறையை மடித்துக்கொண்டார். "அது எங்க ஆபீஸ் பொம்மை, கப்பல் ஆளைப் பார்த்தா நிக்குதான்னு பாக்க விடியக்காலையில நாங்கதான் கொண்டுவந்து வெச்சோம்; கப்பல் தேறிடுச்சு, நாலையும் வாங்கிக்கறோம், ஆளில்லாக் கப்பல்னு சொல்லித்தானே விக்கறீங்க, இப்ப ஓடினாரே, அந்த ஆளும் இல்லாமலே குடுத்துடுங்க."